கோபத்தின் ரெக்கார்டு நோட்டு

மடத்துக்கு வந்து இறங்கியபோது நாச்சிமுத்துவிடம் ஒரு துணிப்பையும், பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு ஒன்றும் இருந்தன. வயது அறுபத்தொன்று. அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்தை அடக்கத் தெரியாமல் இந்த வயதில் ஒரு சாமியாரைத் தேடி வரவேண்டியதாகிவிட்டதே என்கிற கோபமும் அவரிடம் இருந்தது.

கரட்டுமேட்டு மடம் பெரிய இடம் ஒன்றும் இல்லை. இரண்டு ஓட்டு வீடு, ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு. மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மதியம் சோறு போடுவார்கள். சாமி என்றால் தாடியும் உருத்திராட்சமும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் பார்வையிலேயே ஏமாற்றம்தான். சாமிக்கு நாற்பத்தைந்து வயது. முன்பு டவுன் பஸ் கண்டக்டர். வெளுத்துப்போன வேட்டி, தோளில் ஒரு துண்டு, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி ஒரு முகம். அன்று அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா. சாப்டீங்களா?"

"ஆச்சுங்க சாமி. கோபத்தப் பத்தி ஒரு கேள்வி இருக்குதுங்க."

"உக்காருங்க."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். நோட்டை விரித்தார்.

"ரிட்டயர்டு ஆனதுல இருந்து மூணு வருசமா, கோபத்த அடக்கறதுக்கு அஞ்சு முறை செஞ்சு பாத்துட்டனுங்க. ஒவ்வொண்ணயும் மாசக்கணக்காச் செஞ்சிருக்கறேன். இதுல எது சிறந்ததுன்னு நீங்கதான் சொல்லோணும்."

சாமி கையைத் துண்டில் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினார். பக்கத்துக்குப் பக்கம் குண்டு குண்டான அழகான கையெழுத்து. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, காண்பன, முடிவு. பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுத்த அதே வரிசை.

"பத்து வரை எண்ணுதல்," என்று முதல் தலைப்பைப் படித்தார் சாமி. "இது என்னங்க, தொண்ணூத்தெட்டு, எம்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க?"

"நாடித்துடிப்புங்க. கோபம் வந்ததும் ஒருக்கா, முறையச் செஞ்சு முடிச்சதும் ஒருக்கா." நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து சின்ன மெஷின் ஒன்றை எடுத்துக் காட்டினார். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கினார்களே, அதுதான். "இத வெரல்ல மாட்டுனாத் தெரிஞ்சு போகுமுங்க."

"சண்டைக்கு நடுவுலயா மாட்டுனீங்க?"

"பால்காரங்கிட்டச் சத்தம் போடறப்பக்கூட மாட்டியிருக்கறனுங்க."

சாமி சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பில்லாதவர் போல அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எழுந்து நடந்து போய்விடுதல். பஸ் ஸ்டாண்டு வரை போய், இரண்டு பஜ்ஜி தின்று, திரும்பி வந்ததாகவும், கோபமும் கூடவே திரும்பி வந்ததாகவும் எழுதியிருந்தது. தலையணையை அடித்தல் என்பதற்கு, தலையணை கிழிந்தது, துடிப்பு கூடியது, பஞ்சைப் பொறுக்கும்போது மறுபடி கோபம் வந்தது. வாயை மூடிக்கொண்டு அடக்குதல் என்பதில் நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை, ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினேன் என்று ஒரே வரி.

"எதிராளியின் இடத்தில் நின்று யோசித்தல். இதுக்கு மட்டும் முடிவு எழுதலியே?"

"அது கொஞ்சம் கொழப்பமுங்க. அவங்க எடத்துல நின்னு பாத்தா, அவங்க பண்ணுன தப்பு இன்னும் நல்லாத் தெரியுதுங்க."

சாமி நோட்டை மூடினார்.

"இத்தன சிரமம் எதுக்குங்கய்யா? அறுபது வருசம் கோபப்பட்டாச்சு. மிச்சத்தையும் அப்படியே பட்டுட்டுப் போயிடலாமே."

நாச்சிமுத்து மெஷினைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரே புள்ளைங்க எனக்கு. கோகிலவாணி. தாராபுரம் பக்கம் கட்டிக் குடுத்திருக்கறேன். போன வருசம் வளைகாப்பு. போட்டோக்காரன் ஒரு மணி நேரம் லேட்டு. நல்ல நேரம் போகுதேன்னு எனக்கு வந்துருச்சு. அந்தப் போட்டோக்காரனச் சொல்லி வெச்சது எம்புள்ள. அதனால அவளப் புடிச்சுத் திட்டிட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால. கை வளையல் தட்டுல பட்டு, பூராம் ஒடஞ்சு போச்சுங்க."

"ஒடஞ்சு போச்சா, ஒடச்சீங்களா?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒடச்சேன்."

"அப்பறம்?"

"பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வரமாட்டேன்னுட்டா. தாயூட்டுல பிரசவம் பாக்காத பொண்ணு எங்க சொந்தத்துலயே கெடையாதுங்க. சம்சாரம் அங்க தொணைக்குப் போனா. பதினோரு மாசம் ஆச்சு, இன்னும் திரும்பல. பேத்திய நான் போட்டோவுலதான் பாத்திருக்கறேன்."

"ம்."

"அடுத்த ஞாயித்துக்கெழம பேத்திக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறாங்க. அப்பா வரட்டும், ஆனா ஒரே ஒரு சத்தம் வந்தாலும் அன்னிக்கோட முடிஞ்சுதுன்னு அம்மாகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கறா. எட்டு நாள் இருக்குதுங்க சாமி. அதுக்குள்ள தப்பாத முறையா ஒண்ணு வேணும்."

சாமி அரிசித் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இங்கயே இருங்க. காய் அரிஞ்சு குடுங்க."

"பதிலுங்க?"

"தெரிஞ்சாச் சொல்றேன்."

இது ஒரு பதிலா என்று நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று வந்தது. ஆனால் வந்த பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான்.

அந்தப் பஸ்ஸுக்கும் அவர் போகவில்லை. நான்கு நாள் பூசணியும் கத்திரிக்காயும் அரிந்தார். சமையல்கட்டு பாவாயி அம்மாள் பொறுப்பு. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். புருசன் இல்லை. அதிகம் பேசமாட்டார். வாத்தியார் கத்திரிக்காயை ஒரே அளவாக அரிந்து அடுக்கி வைத்ததைப் பார்த்து, "இது கொழம்புக்குத்தானுங்க, கண்காட்சிக்கு இல்லீங்க," என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. தினமும் காலையில் நாச்சிமுத்து சாமியிடம் போய் நிற்பார். சாமி, "பாக்கலாம்," என்பார். ஒருநாளாவது நிமிர்ந்து உட்கார்ந்து பேசக் கூடாதா இந்த மனிதர் என்றிருந்தது நாச்சிமுத்துவுக்கு.

புதன்கிழமை அறுபது பேர் நடந்து வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மாளுக்குக் காலில் கொப்புளம் உடைந்து நடக்க முடியவில்லை. பாவாயி அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனார். திரும்பி வருவதற்குள் பெரிய பாத்திரத்துச் சோறு அடிபிடித்துவிட்டது. வாடை பந்தி நடக்கிற இடம் வரைக்கும் வந்தது.

சாமி வந்தார். பாத்திரத்தைப் பார்த்தார்.

"பதினோரு வருசமாச் சொல்றேன், அடுப்ப விட்டு நகராதீங்கன்னு! காதுல என்னத்த வெச்சு அடச்சிருக்கீங்க? அறுபது பேருக்கு இப்ப எதப் போடறது, உங்க தலையவா?"

கையிலிருந்த கரண்டி சுவரில் மோதி விழுந்தது. இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவாயி மேலாக இருந்த நல்ல சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து முதலில் அதிர்ந்து போனார். அடுத்த நிமிடம் அவருக்குள்ளிருந்த அறிவியல் வாத்தியார் விழித்துக்கொண்டார். மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சாமியிடம் ஓடினார்.

"சாமி, வெரலக் கொஞ்சம்..."

சாமி பார்த்த பார்வையில் மெஷின் தானாகச் சட்டைப் பைக்குத் திரும்பியது.

சரி, எந்த முறையைக் கையாள்கிறார் என்றாவது பார்ப்போம் என்று ஓரமாக நின்றார். சாமி எண்ணவில்லை. மூச்சை இழுத்து விடவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை, எங்கும் எழுந்து போகவில்லை. உர்ரென்ற முகத்தோடு அறுபது பேருக்கும் சோறு போட்டார். சோறு பற்றாத இடத்தில் அவல் நனைத்துப் போட்டார். அவ்வளவுதான்.

நாச்சிமுத்து அறைக்குப் போய்ப் பையைக் கட்டினார். இவருக்கே இப்படி என்றால் இவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது. நான்கு நாள் கத்திரிக்காய் அரிந்தது வீண். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பையோடு கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சமையல்கட்டின் பின்பக்கம். பாவாயி கருகிய பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி வாக்கில் சாமி அங்கே வந்தார். ஈரத் தரையிலேயே சிரமப்பட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"அக்கா."

"சொல்லுங்க சாமி."

"மத்தியானம் நான் கத்துனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. சோறு அடிபுடிச்சுது, கத்துனீங்க."

"சோத்தக் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

பாவாயி தேய்த்துக்கொண்டே இருந்தார். தலை நிமிராமலே பேசினார்.

"கத்தற நேரத்துக்கு ஒண்ணும் இல்லீங்க. காது அடச்சுக்கும், அவ்வளவுதான். அதுக்கு முன்னாலதான் கஷ்டம்."

"முன்னாலன்னா?"

"நீங்க சமையக்கட்டுக்கு வர்றப்ப. இன்னிக்கு எப்படி வர்றாருன்னு காதக் குடுத்துட்டே இருப்பேன். மெதுவாச் செருப்ப இழுத்துட்டு வந்தாப் பயமில்ல. வேகமா வந்தீங்கன்னா, கைக்கு எட்டற எடத்துல இருக்கறதெல்லாம் எடுத்து உள்ள வெச்சுக்குவேன்."

சாமி தன் காலடியைப் பார்த்தார்.

"தை மாசம் ஒருக்காக் கத்துனீங்க. அதுக்கு முன்னால ஆடியில. வருசத்துக்கு ரெண்டு மூணு தடவதானுங்க. சாமி மாதிரிப் பொறுமை யாருக்கு வரும்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. நானும் ஆமாங்கறேன். ஆனா மிச்ச நாளெல்லாம், இன்னிக்கா நாளைக்கான்னு பாத்துட்டே இருக்கறது நாந்தானுங்களே."

"நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார் சாமி. நிறுத்தினார். "சொல்லுங்கக்கா."

"எங்கூட்டுக்காரர் இருந்தப்ப இந்தப் பயம் இருந்துச்சு. அவரு போனதுக்கப்பறம், இங்க வந்தா இது இருக்காதுன்னுதான் வந்தேன்."

சாமியின் முகத்தைப் பார்க்க நாச்சிமுத்துவுக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவாயி பாத்திரத்தைச் சாமி பக்கம் தள்ளினார்.

"அவ்வளவுதானுங்க. இத நீங்க தேயுங்க. எனக்குக் கை வலிக்குது."

சாமி தேங்காய் நாரை வாங்கித் தேய்த்தார். கருகல் லேசில் போகிற கருகல் இல்லை.

"மன்னிச்சாச்சான்னு கேக்கலாங்களாக்கா?"

"இன்னிக்கு வேண்டாஞ் சாமி."

"சரி."

ஐந்து மணி பஸ் வந்து, ஹாரன் அடித்து, போய்விட்டது. நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாமி கிணற்று மேட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கை வரைக்கும் கரி.

"போகலீங்களா?"

"நீங்களே இப்படின்னா நான் எங்கீங்க போறது? கோபமே வராத ஒருத்தரத் தேடித்தான் வந்தேன்."

"தப்பான எடத்துக்கு வந்துட்டீங்க. படிக்கட்டுல தொங்குன ஒருத்தன ஒருநாள் அறஞ்சுட்டேன். இந்தக் கோபமே வேண்டாம்னு வேலைய விட்டுட்டு இங்க வந்தேன். அதுவும் எங்கூடவே டிக்கெட் எடுத்துட்டு வந்துருச்சு." சாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "களைப்பா இருக்குதுங்கய்யா."

நாச்சிமுத்துவுக்கு முதல் தடவையாக அந்த ஆளைப் பிடித்தது. ஆனாலும் விடவில்லை.

"நீங்க இப்பப் பண்ணுனது, அது ஒரு முறைங்களா? ஆறாவதா எழுதிக்கலாமா?"

"அந்த நோட்டக் குடுங்க."

சாமி கரிக் கையோடு பக்கங்களைத் திருப்பினார். வெள்ளைத் தாளில் விரல் விரலாகக் கறை ஒட்டியது. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எத்தன தடவ அளந்திருப்பீங்க?"

"இருநூத்துப் பத்தொம்பதுங்க."

"எல்லாம் உங்க வெரல்லயா?"

"ஆமாங்க. கோபம் எனக்குத்தானுங்களே."

"ஊட்டம்மா வெரல்ல ஒருக்காலும் மாட்டிப் பாக்கலீங்களா?"

"அவளுக்கு எதுக்குங்க? அவளுக்குக் கோபமே வராதுங்க."

நாச்சிமுத்துவுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே எங்கோ இடித்தது.

"பத்து எண்ணுவீங்களே. அது எப்ப இருந்து?"

"அது மட்டும் பழசுங்க. புள்ள ரெண்டாவது படிக்கறப்ப, எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. மூச்ச நல்லா இழுத்து விட்டுட்டு மனசுக்குள்ள எண்ணுவேன்."

"அந்நேரம் ஊட்டுல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"சும்மா இருப்பாங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

நாச்சிமுத்து யோசித்தார். அப்போதெல்லாம் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டுதான் எண்ணுவார். ஆனாலும் காதில் விழுந்தவை இருந்தன.

"சம்சாரம் மிக்சிய நிறுத்துவா."

"ம்."

"புள்ள எந்திரிச்சுப் போயி சன்னலச் சாத்துவா. சின்னதுல இருந்தே அந்தப் பழக்கம். தெருப்பக்கத்துச் சன்னல் முதல்ல. அப்பறம் பக்கத்து ஊட்டுப் பக்கம்."

"எதுக்கு?"

"கொசு வருதுன்னு..."

நாச்சிமுத்து நிறுத்தினார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முழுதும் அடங்கிய பிறகுதான் மறுபடி பேசினார்.

"காத்தால பத்து மணிக்கும் சாத்தியிருக்கறா சாமி."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இருபது வருடம் அந்த வீட்டில் அவர்களோடு இருந்த ஆள் யார் என்று நினைக்கப் பயமாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை நாற்காலி போட்டு ஏறிக் கொக்கி மாட்டியதை அவர் பார்த்திருக்கிறார். பொறுப்பான பிள்ளை என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

"இப்ப நான் என்ன பண்றதுங்க?"

"புள்ளையக் கேளுங்க."

"என்னன்னு?"

"நான் பாவாயக்காவக் கேட்டதத்தான்." சாமி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "எனக்குத் தூக்கம் வருதுங்க."

வியாழக்கிழமை முழுதும் நாச்சிமுத்துவால் முடியவில்லை. மூன்று தடவை போனை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டார். முப்பத்திரண்டு வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவர். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில், மடத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டார். சாமி கீழே தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா? என்னப்பா, ஏதாவது ஆயிப்போச்சா?"

"இல்ல கண்ணு. ஒண்ணு கேக்கோணும். நான் கத்தறப்பெல்லாம் உனக்கு எப்படி இருந்துச்சு?"

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ மழலை பேசுவது மட்டும் கேட்டது. பேத்தியின் குரலை அவர் அப்போதுதான் முதலில் கேட்டார்.

"இதென்னப்பா புதுசா?"

"தெரிஞ்சுக்கோணும்."

"சொன்னா ரொம்ப நேரம் ஆகும்."

"பரவால்ல கண்ணு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். சைக்கிளைத் தொலைத்த நாள். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட நாள். அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு, அது சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பாரோ என்று ஈரத்துணி போட்டுத் துடைத்தது. எல்லா இடத்திலும் நாச்சிமுத்து இருந்திருக்கிறார். ஒன்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் பேசவில்லை. கோபமும் வரவில்லை.

"பத்தாவதுல கணக்குல எழுவத்திரண்டு வாங்குனதுக்கு எம் மார்க் ஷீட்டக் கிழிச்சீங்க," என்றாள் கோகிலவாணி.

"கிழிக்கல கண்ணு. கசக்குனேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. கத்தவில்லை, அதட்டவில்லை. தப்பாக எழுதியதைச் சிவப்பு மையில் திருத்துகிற அதே மெதுவான குரல்தான்.

"சரிப்பா. ஞாயித்துக்கெழம வரவேண்டாம்."

போன் கட்டாகிவிட்டது.

நாச்சிமுத்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சாமி குடத்தை வைத்துவிட்டு மேலே வந்தார்.

"என்னாச்சுங்கய்யா?"

"போச்சுங்க. எல்லாம் போச்சு. ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன். சத்தம்கூடப் போடலீங்க. கோபமே வரலீங்க சாமி. கிழிக்கல, கசக்குனேன்னு சொன்னேன். அது நெசமுங்க. அந்தத் தாளு இன்னும் எங்கூட்டுப் பீரோவுல இருக்குது, கசங்கித்தான் இருக்குது."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. வயதான ஆண்கள் அழுதால் நன்றாக இருக்காது என்று நினைக்கிற ஊர் அது. சாமி துண்டை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"பேத்தி என்னமோ பேசிட்டு இருந்துச்சுங்க," என்றார் நாச்சிமுத்து. "நல்லாக் கேட்டுச்சு."

அப்போது போன் அடித்தது.

திரையில் மகளின் பெயர். நாச்சிமுத்து அதைப் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"சாமி, அவதான். என்ன சொல்லட்டுமுங்க?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மன்னிச்சுருன்னு சொல்லட்டுமா? கிழிச்சதுதான்னு ஒத்துக்கட்டுமா? ஞாயித்துக்கெழம ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்னு கெஞ்சட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க, கட்டாயிரும்."

"அவ இன்னும் சொல்லி முடிக்கலீங்கய்யா," என்றார் சாமி.

நாச்சிமுத்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, இருக்கறீங்களா?"

"இருக்கறேன் கண்ணு."

கோகிலவாணி மூக்கை உறிஞ்சினாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"எம் மார்க் ஷீட்டக் கிழிச்சீங்க," என்றாள்.

நாச்சிமுத்து ஒன்றும் சொல்லவில்லை.